சென்டர் ஹாப் ரெண்டு, அவசரம்

அந்த ஜன்னல் சீட்டு வேணாம் சார், இப்டி வந்து குந்துங்க. ஆவடி வரைக்கும் அந்தப் பக்கம் மூஞ்சியிலயே வெயில் அடிக்கும். ஆங், இப்ப சரி. எதுவரைக்கும்? திருத்தணியா? அப்ப அரக்கோணம் வரைக்கும் ஒண்ணாத்தான் போறோம். நல்லதாப் போச்சு. எனக்குப் பேசாம குந்தினு வந்தா தல வலிக்கும்.

நான் இன்னாத்துக்குப் போறேன்னு நீங்க கேக்கல. பரவால்ல, நானே சொல்றேன். அரக்கோணத்துல ஒரு பையன் இருக்கான். அவனாண்ட போயி, "பத்து கெஜம் பின்னாடி தள்ளி நில்லுப்பா"ன்னு சொல்லணும். அவ்ளோதான். அத்தச் சொல்லத்தான் இந்த வெயில்ல ரயிலு. போன்ல சொன்னா கட் பண்ணிடறான்.

ஃபுட்பால் பாப்பீங்களா? டிவியிலயா. அது இருக்கட்டும். வியாசர்பாடில நாங்க ஆடறது பாத்திருக்க மாட்டீங்க. பதினெட்டாம் பிளாக் கோல்டன் ஸ்டார்னு ஒரு கிளப்பு. ஹவுசிங் போர்டு பிளாக்கு, அதுக்கு நடுவுல ஒரு கிரவுண்டு. கிரவுண்டுன்னா புல்லு இருக்கும்னு நெனைக்காதீங்க. இருந்தாலும் நாங்க சீனியர் டிவிஷன் லீக்கு. நான்தான் செகரெட்டரி. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல எறங்கி எத்திராஜ் வூடு எதுன்னு கேட்டுப் பாருங்க. எந்த எத்திராஜுன்னு கேப்பாங்க. ஹாப் எத்திராஜுன்னு சொல்லுங்க, கையப் புடிச்சிக் கூட்டினு வந்து வாசல்ல உட்டுட்டுப் போவாங்க.

ஹாப்னா தெரியுமா? எங்க காலத்துல பின்னாடி ரெண்டு பேக்கு, முன்னாடி அஞ்சு ஃபார்வேர்டு, நடுவுல மூணு ஹாப்பு. லெஃப்ட் ஹாப், ரைட் ஹாப், சென்டர் ஹாப். சென்டர் ஹாப்புன்னா யாரு? டீமே அவன்தான் சார். பந்து எங்க போனாலும் அவனக் கேட்டுத்தான் போவணும். பதினாலு வருஷம் அந்த எடத்துல நான் நின்னேன். இப்பத்தான் மிட்ஃபீல்டு கிட்ஃபீல்டுன்னு பேர மாத்திட்டானுங்க. எனக்கு எப்பவும் அது ஹாப்புதான்.

இந்த வருஷம் எங்க கோச்சு யாருன்னு கேளுங்க. என் பொண்ணு. ஜீவிதா. இருவத்தெட்டு வயசு. ஸ்டேட்டுக்கு ஆடினவ, கோச்சு லைசென்ஸ் பரீட்சையெல்லாம் எழுதினவ. ஆம்பளைங்க டீமுக்கு ஒரு பொம்பளைப் புள்ள கோச்சுன்னா எங்க ஏரியாவுல அதான் மொதல் தடவ. கமிட்டியில ஓட்டுக்கு உட்டாங்க. எல்லாரும் கை தூக்குனாங்க, நான் மட்டும் தூக்கல. ஏன்? அப்பன் ஓட்டுல ஜெயிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் பேசிடக் கூடாது பாருங்க. அவளுக்காகத்தான் நான் அவள எதிர்த்தேன். அது அவளுக்குப் புரியல.

அப்பால இன்னொண்ணு நடந்துச்சு. மே மாசம் ப்ராக்டீஸ். நான் சும்மா கோட்டாண்ட நின்னு, லெஃப்ட்ல போடு, ரைட்ல போடு, அவன வெளிய எடுன்னு ரெண்டு வார்த்த சொன்னேன். ரெண்டே வார்த்த. ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன், அவ்ளோதான். விசில ஊதி ஆட்டத்தை நிறுத்திட்டா. எல்லார் முன்னாடியும் என்னப் பாத்து, "செகரெட்டரி சார், கொஞ்சம் கயிறுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க"ங்கறா. சார்! பெத்த அப்பன சார்ங்கறா சார்! உங்களச் சொல்லல, நீங்க சார்தான். நான் எப்படி சார் ஆவேன்?

அன்னியிலேர்ந்து ரெண்டு பேரும் பேசறது இல்ல. ஒரே வூடு, ஒரே சோத்துப் பானை. எதுவானாலும் என் பொஞ்சாதி குணா வழியாத்தான் போவும். "கோச்சுக்கு இன்னும் ஒரு கரண்டி சாம்பார் வேணுமான்னு கேளு." "செகரெட்டரிய ஃபேனை நிறுத்திட்டுப் போகச் சொல்லும்மா." இப்டித்தான் மூணு மாசம் ஓடிச்சு.

அம்பத்தூர் வந்துடுச்சா? கூட்டம் ஏறும், பையை மடியில வெச்சிக்கோங்க.

எங்க வுட்டேன்? ஆங், மூணு மாசம். அப்பத்தான் டிரான்ஸ்ஃபர் வந்துச்சு. சீசனுக்கு முன்னாடி ஒரு மாசம் டயம் குடுப்பாங்க. வேற கிளப்புலேர்ந்து ஆள் எடுக்கலாம், மாத்திக்கலாம். தேதி முடிஞ்சிதுன்னா முடிஞ்சிது, அப்பால சாமியே வந்தாலும் சேக்க முடியாது. கோச்சு கேக்கணும், செகரெட்டரி கொண்ணாரணும். அதான் மொறை. ஒரு நாள் காலையில குணா ஒரு சீட்டக் கொண்ணாந்து என் கையில குடுத்தா. நாள் காலண்டர் கிழிச்ச தாளு, பின்பக்கம் ஜீவிதா கையெழுத்து. தோ, பாக்கெட்லயே வெச்சினு இருக்கேன், நீங்களே படிங்க.

கண்ணாடி இல்லையா? நான் படிக்கறேன். "சென்டர் ஹாப் ரெண்டு பேர். அவசரம். உயரமா இருக்கணும். மிட்ஃபீல்டு ஃபுல்."

இத்தப் படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார். பொய் சொல்லல. மூணு மாசமா மூஞ்சக் குடுத்துப் பேசாத பொண்ணு, கேக்கறது இன்னா? சென்டர் ஹாப்பு. நான் நின்ன எடம். இந்தக் காலத்துப் புள்ளைங்க வாயில வராத வார்த்த. சமாதானத்துக்கு வர்றான்னு நெனைச்சேன். அப்பா, நீ இருந்த எடம் காலியா இருக்கு, உன்ன மாதிரி ரெண்டு பேரக் கொண்ணாந்து குடுன்னு கேக்கறான்னு நெனைச்சேன். மிட்ஃபீல்டு ஃபுல்னு எழுதியிருக்கு பாருங்க. நடுவ ஃபுல்லா நெரப்பிடுன்னு சொல்றா. வேற எப்டி சார் படிக்கறது அத்த? உயரம் எதுக்குன்னு மட்டும் ஒரு நிமிஷம் யோசிச்சேன். சரி, ஹெட்டிங் அடிக்க இருக்கும்னு உட்டுட்டேன்.

குணா மட்டும், "அவளாண்டயே ஒரு வார்த்த கேட்டுடேன்"னா. நான் கேப்பனா? ஹாப்புன்னா இன்னான்னு நான் போயி கேக்கறதா?

ஏற்கனவே எங்களாண்ட நடுவுல அஞ்சு பேர் இருந்தானுங்க. ஒருத்தன் நல்லா ஓடுவான், பந்து மட்டும் அவனோட ஓடாது. இன்னொருத்தன் பாஸ் போட்டா மணி மாதிரி போவும், ஆனா அரை மணி நேரம் ஆடிட்டு மூச்சு வாங்கினு குந்திடுவான். மத்த மூணும் பரவால்ல ரகம். எனக்கு அதுங்க பத்தல. ஒரு வாரம் அலைஞ்சேன். ராயபுரம் டீம்ல ஒருத்தனப் புடிச்சேன். அப்பால சீலனைப் புடிச்சேன். ஜெயசீலன், அரக்கோணத்துப் பையன். ஆறடி. பந்த நெஞ்சுல வாங்கி கீழ எறக்கறதப் பாத்தா அப்டியே என்னப் பாக்கற மாதிரி இருக்கும். நான் அஞ்சே முக்கால் அடிதான், ஆனா ஆட்டத்தச் சொல்றேன். "தம்பி, நடு எடம் உனக்குத்தான், அது ஹாப் எத்திராஜ் குடுக்கற வாக்கு"ன்னு கையில அடிச்சிக் குடுத்தேன். அவன் கிளப்பு சும்மா உடுவாங்களா? பதிலுக்கு ஒரு ஆள் கேட்டாங்க. மோசஸைக் கேட்டாங்க.

மோசஸ் யாருன்னா, எங்க ஸ்டாப்பரு. கடைசியில கீப்பருக்கு முன்னாடி நின்னு வர்றவன எல்லாம் மடக்கறவன். எங்களாண்ட இருந்த ஒரே ஸ்டாப்பரு. கோச்சாண்ட சொல்லலாம்னுதான் பாத்தேன். பேசறது இல்லையே. குணாவாண்ட சொல்லி அனுப்பலாம்னா, அவ அன்னிக்கின்னு அவ தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டா. கடைசித் தேதி வேற. ஸ்டாப்பர் எவன் வேணாலும் நிப்பான், சென்டர் ஹாப் கெடைப்பானான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

சிரிக்காதீங்க சார். கதை இன்னும் முடியல.

அடுத்த ஞாயித்துக்கெழமை காலையில எண்ணூர் பக்கத்து டீமோட ப்ராக்டீஸ் மேட்ச். என் ரெண்டு ஹாப்பும் புது ஜெர்சி போட்டுனு நிக்கறானுங்க. நான் கயிறுக்கு அந்தப் பக்கம் நெஞ்ச நிமித்தினு நிக்கறேன். ஜீவிதா டீமை ஒரு சுத்து பாத்தா. எண்ணினா. மறுபடியும் எண்ணினா. ஏழு பேர் நடு ஆட்டக்காரன், பின்னாடி நிக்க ஆளே இல்ல. ஆறு கோல் வாங்கினோம் சார். எங்க கீப்பரு நாலாவது கோலுக்கு அப்பால பந்த எடுக்கவே போவல, சின்னப் பசங்களாண்ட எடுத்தாரச் சொல்லிட்டான்.

வூட்டுக்கு வந்தோம். குணா சமையக்கட்டுல மீனக் கழுவினு இருக்கா. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ.

"அம்மா, செகரெட்டரியக் கேளு. நான் கேட்ட சென்டர் ஹாப் எங்க?"

"குணா, கோச்சுக்குக் கண்ணு தெரியுதான்னு கேளு. ஆறடிக்கு ஒருத்தன் நின்னானே, அவன் யாரு?"

"அம்மா, அவன் மிட்ஃபீல்டர். நான் கேட்டது ஸ்டாப்பர். மிட்ஃபீல்டு ஃபுல், எடமில்லன்னு எழுதியிருந்தேன். மோசஸுக்குத் துணையா ரெண்டு பேர் கேட்டா, மோசஸையே குடுத்துட்டு வந்திருக்காரு."

"ஸ்டாப்பர் வேணும்னா ஸ்டாப்பர்னு எழுதறது!"

"உலகம் பூரா அதுக்குப் பேரு சென்டர் ஹாப்னு சொல்லும்மா. எந்தக் காலத்துலயோ நடுவுல நின்ன ஆள பின்னாடி இழுத்துட்டாங்க. ஆளு போனான், கூடவே பேரையும் எடுத்துனு போயிட்டான். அந்தச் சேதி நம்ம பிளாக்குக்கு மட்டும் இன்னும் வந்து சேரலன்னு சொல்லு."

குணா மீன அப்டியே தொட்டியில போட்டா. "நான் இன்னா போஸ்ட் ஆபீஸா? ஒரு வார்த்த நேராப் பேசியிருந்தா அந்தக் கீப்பர் புள்ள ஆறு கோல் வாங்கியிருக்குமா?"ன்னு கத்திட்டு வெளிய போயிட்டா. அன்னிக்கு மீன் கொழம்பு இல்ல. தப்பு யாரு மேல? பேர மாத்தினவன் மேல. எனக்கு எவனாச்சும் லெட்டர் போட்டானா, எத்திராஜு, இன்னிலேர்ந்து ஹாப்புன்னா ஸ்டாப்பருன்னு?

ஆவடி தாண்டிடுச்சு. இனிமே காத்து வரும்.

செவ்வாக்கெழம சாயங்காலம் கமிட்டி கூடிச்சு. தலைவரு வரதன், அப்பால ஏழெட்டுப் பேரு. சர்ச்சு ஹால்ல நாற்காலி போட்டு குந்தினு இருக்கோம். மிட்ஃபீல்டுல ஏழு பேரு, பின்னாடி ஒருத்தன் இல்ல, இது இன்னா டீமு, யாரு இதுக்குப் பொறுப்புன்னு வரதன் கேட்டாரு. ஒருத்தன், பொம்பளப் புள்ள கையில டீமக் குடுத்தா இப்டித்தான்னு மொணவுறான்.

ஜீவிதா எழுந்து நின்னா. நான் சீட்டக் காட்டுவான்னு நெனைச்சேன். அப்பா தப்பாப் படிச்சிட்டாருன்னு சொல்லுவான்னு நெனைச்சேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? "நான் எழுதினது தெளிவா இல்ல சார். என் தப்பு. இருக்கற ஆளுங்கள வெச்சே டீமத் தயார் பண்றேன்"னா. மோசஸப் பத்தி ஒரு வார்த்த இல்ல. வரதன் அவ தப்புன்னே கமிட்டி மினிட் புக்குல எழுதச் சொல்லிட்டாரு, கூடவே இதையும். சனிக்கெழம மொத மேட்சு. தோத்தா கோச்ச மாத்தறது. நாளைக்குத்தான் சார் அந்த மேட்சு.

நானா? நான் ஒண்ணியும் சொல்லல. சொல்லலாம்னுதான் இருந்தேன். டீ வந்துடுச்சி. டீ குடிக்கும்போது பேசறது நல்லா இருக்காது.

ஆனா ஒண்ணு சார், என் பொண்ணு ஆட்டம் தெரிஞ்சவ. அடுத்த நாள் காலையில சீலனைக் கூப்பிட்டு, பின்னாடி ஸ்டாப்பரா நிக்க வெச்சா. அந்தப் பையன் அங்க நின்னான் பாருங்க, அப்டி ஒரு ஸ்டாப்பர நான் பாத்ததில்ல. எல்லாப் பந்தும் தலையில. எவனும் தாண்ட முடியல. கயிறுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு எனக்கே கை தட்டணும் போல இருந்துச்சு. தட்டல. அப்ப நான் கொண்ணாந்தது சென்டர் ஹாப்புதானே, அவ கேட்டதும் சென்டர் ஹாப்புதானே, கணக்கு சரியாப் போச்சேன்னு குணாவாண்ட சொன்னேன். அவ பானையத் தேய்க்கப் போயிட்டா.

நேத்து சீலன் பையத் தூக்கினு கெளம்பிட்டான். "நான் ஹாப்பு. செகரெட்டரி நடு எடம்னு வாக்குக் குடுத்துத்தான் வந்தேன். பின்னாடி போய் நிக்கறதுக்கு எங்க ஊர்லயே நிப்பேன்"னு சொல்லிட்டு ரயிலேறிட்டான். மோசஸ் சீலனோட பழைய கிளப்புல, சீலன் அரக்கோணத்துல. டிரான்ஸ்ஃபர் தேதியும் முடிஞ்சிது. நாளைக்கு மூணரை மணிக்கு விசில். அதான் நான் போறேன். ஒரு ஹாப்பாண்ட இன்னொரு ஹாப்புதான் பேச முடியும்.

இன்னா பேசப் போறேன்னு கேட்டீங்கன்னா, எல்லாம் மனசுல எழுதி வெச்சினு வரேன். நீங்கதான் சீலன்னு வெச்சிக்கோங்க. கொஞ்சம் மொறைங்க. ஆங், அப்டித்தான்.

"சீலா, இத்தக் கேளு. நடுவுலதான் நிப்பேன்னு அடம் புடிக்கறவன் டீமுக்கு ஆடல, அவன் பேருக்கு ஆடறான். கோச்சு ஒரு எடத்தக் காட்டுனா அங்க போய் நிக்கணும். அவ உன்ன அவமானப்படுத்தல. அங்க ஆள் தேவ, அதான் சொல்றா. நீ தள்ளி நின்னா உன் மரியாத ஒண்ணியும் கொறையாது. நீ வீம்பு புடிச்சா, தலை குனியறது நீ இல்ல, அந்தப் பொண்ணு."

எப்டி? நல்லா இருக்குல்ல? ஏன் சார் சிரிக்கறீங்க?

இல்ல, சொல்லுங்க. யாராண்ட பேசறேன்னா? சீலனாண்டதான். நான் எங்க சார் ஆடறேன் இப்ப? நான் செகரெட்டரி. நான் எதுக்குத் தள்ளி...

...

திருவள்ளூர் போயிடுச்சா? கவனிக்கல. தல வலிக்குது சார்.

அந்த டீயப் பத்திச் சொன்னேன் இல்ல. டீ வரல சார் அன்னிக்கு. நான் சும்மா சொன்னேன்.

இருங்க. ஒரு போன் பண்ணிடறேன். இங்க சிக்னல் இருக்கு, கடம்பத்தூர் தாண்டினா விட்டு விட்டு வரும்.

ஹலோ, தலைவரே? எத்திராஜு. ரயில்ல இருக்கேன். மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க, அப்பால திட்டுங்க. அந்தச் சீட்டு. கோச்சு தெளிவாத்தான் எழுதியிருந்தாங்க. தப்பாப் படிச்சது நான். மோசஸைக் குடுத்ததும் நான்தான், அவங்களக் கேக்காமக் குடுத்தேன். மினிட் புக்குல அவங்க தப்புன்னு எழுதியிருக்கறத அடிச்சிட்டு என் பேரப் போடுங்க... ம்... ம்... இன்னாது? எப்ப? அப்ப அந்தப் பொண்ண ஏன்யா எழுந்து நிக்க உட்டீங்க?... ம்... சரி. சரி, வெக்கறேன்.

ஒண்ணுமில்ல சார். தெரியுமாம். செவ்வாக்கெழம உள்ள வரும்போதே எல்லாருக்கும் தெரியுமாம். மோசஸு கமிட்டிக்காரங்க வூடு வூடாப் போயிச் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். அப்ப ஏன் அவள நிக்க உட்டீங்கன்னு கேட்டேன். "நாங்க யாரும் அவளப் பாக்கல எத்திராஜு. நீ எப்ப எழுந்திருப்பன்னு உன்னத்தான் பாத்துனு இருந்தோம்"ங்கறாரு. அவ பேர அடிச்சிட்டு என் பேர எழுதிடறாராம். ஆனா நாளைக்குத் தோத்தா கோச்ச மாத்தறதுன்னு எழுதினது அப்டியேதான் இருக்குமாம். கமிட்டி முடிவு, அவரு மட்டும் மாத்த முடியாதாம்.

எட்டுப் பேரு சார். எட்டுப் பேரும் என்னையே பாத்துனு இருந்திருக்கானுங்க. நான் செவுத்துல இருந்த காலண்டரப் பாத்துனு இருந்தேன்.

புளியமங்கலம் போயிடுச்சு, அடுத்தது அரக்கோணம்தான். நான் எழுந்துக்கறேன். இல்ல சார், அந்தப் பேச்சு இனிமே வேலைக்காவாது. கோச்சு, டீமு, மரியாதன்னு அவனாண்ட ஒண்ணியும் பேசப் போறதில்ல. நேரா அவன் வூட்டுக்குப் போயி, இல்லாத எடத்த இருக்குன்னு சொல்லி உன்னக் கூட்டினு வந்தது நான்தான், அந்தக் கோவத்த என் மேல காட்டுன்னு சொல்லப் போறேன். வாசல்ல நிக்க வெச்சாலும் நிப்பேன். அப்பால ஒண்ணே ஒண்ணு சொல்லுவேன். சீலா, பத்து கெஜம் பின்னாடி போறதுல ஒரு கஷ்டமும் இல்லடா. என் பொண்ணு எழுந்து நின்னு, நான் பண்ண தப்ப என் தப்புன்னு சொன்னா. நான் பக்கத்துல நாற்காலிய உட்டு எழுந்திருக்காம குந்தினு இருந்தேன். அதுதான்டா தாங்க முடியல.

கொஞ்சம் வழி உடுங்கப்பா. எறங்கணும்.